அமைதித் தொட்டியும் ஜெபராணி மேடமும்

செய்தி வந்தபோது நான் மீன் குஞ்சுத் தொட்டியின் அருகில் நின்றிருந்தேன். "ஜெபா போயிட்டா சார், விடியக்காலம்" என்றார் போனில் ஜெபராணி மேடத்தின் கணவர். "சரி சார்" என்றேன். சாவுச் செய்திக்கு யாராவது சரி என்பார்களா? அன்றைக்கு என் புத்தி அந்த நிலையில் இருந்தது. இன்றும் தெளிந்தபாடில்லை.

டாக்டர் ஜெபராணி நாசரேத்துக்காரர். தூத்துக்குடியில் எங்கள் ஆய்வுக்கூடத்தில் மீனின் காதை ஆராய்ந்தவர். எனக்கு எதிர் மேசை. மீனுக்குக் காது எங்கே என்று கேட்காத விருந்தாளி இல்லை. அவரும் சலிக்காமல் சொல்வார். வெளியே துளை கிடையாது, மண்டைக்குள் பக்கத்துக்கு மூன்று கற்கள். ஒலி வந்தால் உடம்பு தண்ணீரோடு அசையும், கனமான கல் சற்றுப் பிந்தும். அந்த வித்தியாசம்தான் மீனுக்குக் கேட்பது. வேலைக்கு வந்த புதிதில், என் குழம்பிலிருந்த கத்தாழை மீனின் தலையைப் பிளந்து கல்லை எடுத்துத் தட்டோரம் வைத்தார். "இனிமே நீங்க என்ன திட்டினாலும் இதுக்குக் கேக்காது சார், சாப்பிடுங்க" என்றார்.

துறைமுக வேலையின் இரைச்சலில் மீன் குஞ்சுகளின் காது கெடுமா என்று புன்னைக்காயல் மீனவர்கள் கேட்டார்கள். மேடம் கொடுவா மீன் குஞ்சுகளை இரண்டு தொட்டிகளில் வளர்த்தார். ஒன்றில் துறைமுக இரைச்சலைப் பதிவுசெய்து ஒலிக்கவிட்டார். மற்றது அமைதித் தொட்டி. இரண்டிலும் காதுக்கற்கள் ஒன்றுபோலவே இருந்தன. இரைச்சலால் கெடுதல் இல்லை என்று அறிக்கை போயிற்று. எல்லோருக்கும் நிம்மதி.

அவருக்கு மட்டும் இல்லை. கத்தாழைக் கூட்டம் கத்துகிறதா என்றறிய மீனவர்கள் கடலில் துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டுப் பிடியைக் காதில் வைப்பார்கள் அல்லவா, அப்படி ஒரு துடுப்பை அமைதித் தொட்டிக்குள் விட்டுக் கேட்டார். என்னையும் கேட்கச் சொன்னார். காற்று மோட்டாரின் உறுமல் அப்படியே கேட்டது. தொட்டிக்குள் காற்று விடும் மோட்டாரை நாங்கள் யாரும் ஓசையாகவே நினைத்ததில்லை. அப்படியானால் இரண்டுமே இரைச்சல் தொட்டிகள்தான்.

அறிக்கையைத் திரும்பப் பெற்றார். பேசாமல் இருங்கள் என்று நான் தலைப்பாடாய் அடித்துக்கொண்டேன். அவரோ புன்னைக்காயலுக்கே போய்ச் சொன்னார். நானும் உடன் போனேன். படகுக்காரர் ஒருவருக்குக் கோபம். "போன மாசம் ஒண்ணுமில்லன்னீங்க, இப்ப தெரியலங்கீங்க. எதைத்தான் நம்ப?"

"தெரியலங்கதை நம்புங்க அண்ணாச்சி. நல்லாப் பாத்துட்டு வந்து சொல்லுதேன்."

மோட்டாரைத் தள்ளி வைத்தார், தொட்டிக்கு அடியில் ரப்பர் போட்டார், மறுபடி குஞ்சுகளை விட்டார். அதற்குள், கொஞ்ச காலமாக இருந்த நோய் முற்றி ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். குறித்த வயதில் குஞ்சுகளை எடுக்காவிட்டால் அத்தனையும் வீண். அந்த நாள்தான் அவர் இறந்த நாள்.

இழவு வீட்டுக்குப் போவதா, குஞ்சுகளை எடுப்பதா? வெட்கத்தை விட்டு அவர் கணவரையே கூப்பிட்டுக் கேட்டேன். "எடுத்துட்டே வாங்க சார். எடுக்காம வந்தா அவளுக்குப் பிடிக்காது" என்றார்.

கிராம்பு எண்ணெயில் குஞ்சுகளை மயக்கி, கற்களை எடுத்து, நுண்ணோக்கியில் பார்த்தேன். இரைச்சல் தொட்டியில் கற்கள் ஒழுங்காக இருந்தன. அமைதித் தொட்டியில்தான் கோணலாக இருந்தன. தொட்டியை மாற்றிவிட்டேனோ என்று மறுபடியும் பார்த்தேன். மாற்றவில்லை.

மறுநாள் நாசரேத்தில் அடக்கம். புன்னைக்காயல்காரர்களும் வந்திருந்தார்கள். போதகர் ஜெபித்து முடித்ததும் வரிசையாகப் பெட்டியருகே போனோம். என் முறை வந்தது. குனிந்து, மேசைக்கு மேசை சொல்வது போலவே மெதுவாகச் சொன்னேன்: "மேடம், அமைதித் தொட்டியிலதான் கோணல். ஏன்னு புரியல." சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். பின்னால் நின்ற பெண் என் கையைத் தொட்டு, "சார், மூடணும்" என்றார்.

போய் வாருங்கள், மேடம். வெளியே அந்தப் படகுக்காரர் முடிவு கேட்க எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார். நானும் அவரிடம் 'தெரியல' என்றுதான் சொல்ல வேண்டும்.