முப்பத்து நாலு மில்லிமீட்டர்

நான் பிறந்த அன்று ஓசூரில் மழை பெய்யவில்லை. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை, அம்மாவின் நோட்டில் இருக்கிறது. அந்தத் தேதிக்கு நேரே அப்பாவின் கோணல் கையெழுத்தில் ஒரு பூஜ்யம். பிரசவ வலியோடு படுத்திருந்தவள், காலை எட்டரை மணிக்கு மொட்டை மாடிக்குப் போய் மழைமானியைப் பார்த்து எழுதும்படி அப்பாவை ஆஸ்பத்திரியிலிருந்து விரட்டியிருக்கிறாள். பெண் பிறந்த செய்தி அந்தப் பக்கத்தில் எங்கும் கிடையாது. சின்ன வயதில் அந்தப் பூஜ்யத்தை எடுத்து எடுத்துப் பார்த்து நான் பொருமியதுண்டு.

எங்கள் வீடு மூக்கண்டப்பள்ளியில், தொழிற்பேட்டைக்குப் பின்புறம் இருந்தது. அப்பா விருதுநகர்ப் பக்கத்திலிருந்து கம்பெனி வேலைக்கு வந்தவர். அம்மாவுக்கு மத்தூர். செடிகொடிகளைப் பற்றிப் பெரிய படிப்பு படித்துவிட்டு, பல வருடம் சும்மா இருந்தாள். எனக்கு ஒன்பது வயதானபோது பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் அவளுக்கு வேலை கிடைத்தது. வெயிலும் மழையும் காலம் தவறி வருவதால் மாமரம் பூப்பதும் பிஞ்சு பிடிப்பதும் எப்படி மாறுகிறது என்று கணக்கெடுக்கும் வேலை. வேப்பனப்பள்ளித் தோப்புகளில் கிளை கிளையாக நூல் கட்டி, பூவையும் பிஞ்சையும் எண்ண வேண்டும். தை பிறந்ததும் போனவள் அங்கேயே ஓர் அறை எடுத்துத் தங்கிவிட்டாள். ஒரு வருடத்துத் தற்காலிக வேலைதான். கணக்கு சுத்தமாக இருந்தால் நிரந்தரமாக எடுத்துக்கொள்வதாக அங்கே தலைமையில் இருந்த மேடம் சொல்லியிருந்தார். அதைச் சொல்லும்போது அம்மாவின் முகம் எப்படி இருந்தது என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. என்னைப் பார்த்து அவள் அப்படிச் சிரித்ததில்லை என்று அப்போது தோன்றியது.

தெருவில் மற்றப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் அவரவர் அம்மா கதவைத் திறப்பார்கள். என் கழுத்தில் சாவி தொங்கியது. அப்பாவுக்கு ஒரு வாரம் பகல் ஷிஃப்ட், ஒரு வாரம் மாலை, ஒரு வாரம் இரவு. இரவு ஷிஃப்ட் வாரத்தில் வீட்டு ஓனர் ஆண்ட்டி வந்து துணைக்குப் படுத்துக்கொள்வார். நல்ல மனுஷி, ஆனால் தலையணையில் தலை பட்டதும் குறட்டைதான். பகலில் அப்பா தூங்குவார், அவர் தூக்கம் கலையாமல் வீட்டுக்குள் நடக்க நான் பழகியிருந்தேன். டி.வி.யைச் சத்தமில்லாமல் ஓடவிட்டு, யார் என்ன பேசுவார்கள் என்று நானே சொல்லிக்கொள்வேன். எனக்குப் பேச்சுத்துணை நானேதான்.

அம்மா எனக்கு ஒரு பொறுப்பைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். தினமும் எட்டரைக்கு மாடிக்குப் போய், மழைமானியின் புனலைத் தூக்கி, உள்ளே இருக்கும் பாட்டிலில் தண்ணீர் இருந்தால் கண்ணாடிக் குவளையில் ஊற்றி அளந்து, நோட்டில் எழுதிவிட்டு, அப்பாவின் போனிலிருந்து எண்ணை மட்டும் அவளுக்கு அனுப்ப வேண்டும். தோப்பில் பேசுவதற்கு டவர் சரியாகக் கிடைக்காது. மெசேஜ் எப்படியோ போய்ச் சேர்ந்துவிடும். நான் பூஜ்யம் அனுப்புவேன். அம்மா 'ஓகே' அனுப்புவாள். மாசி மாதம் முழுக்க மழையில்லை. தாய்க்கும் மகளுக்கும் நடந்த கடிதப் போக்குவரத்து முழுவதும் அவ்வளவுதான்.

இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு வருவதாகப் பேச்சு. ஒரு ஞாயிறு வரவில்லை. மறுநாள் மேடம் பெங்களூரிலிருந்து தோப்பைப் பார்க்க வருகிறார், கணக்குகளை எடுத்து வைக்க வேண்டும் என்றாள். அன்று சாயங்காலம் ரோட்டுப் பக்கம் நடந்து வந்து போன் செய்தாள். அப்பா கேஸ் சிலிண்டரைப் பற்றிப் பேசிவிட்டு என்னிடம் கொடுத்தார்.

"எப்பம்மா வருவே?"

"மழை வந்தா வந்துர்றேன் கண்ணு. மரமெல்லாம் நனைஞ்சிட்டா எண்ண முடியாதில்ல? அப்பத்தான் இங்க லீவு."

கேட்டது அதோடு போயிருக்கலாம். மழை வந்தால் அம்மா வருவாள். மழை வந்ததா இல்லையா என்று சொல்வது யார்? நான்தானே!

திங்கட்கிழமை காலை. அப்பா இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஒரு சொம்புத் தண்ணீரோடு மாடிக்குப் போய், புனலுக்குள் மெதுவாக ஊற்றினேன். ராகியைக் காயப்போட வந்த ஓனர் ஆண்ட்டி நின்று பார்த்தார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், தமிழும் அதே இழுவையில்தான் வரும்.

"ஏம் பாப்பா, செடி ஒண்ணும் காணோமே, யாருக்குத் தண்ணி ஊத்தறே?"

"கழுவறேன் ஆண்ட்டி."

பிறகு எட்டரை ஆகும் வரை காத்திருந்து, பாட்டிலை எடுத்து, குவளையில் இரண்டு தடவையாக ஊற்றி, கண்ணுக்கு நேரே பிடித்து ஒழுங்காக அளந்தேன். முப்பத்து நாலு மில்லிமீட்டர். எண்ணில் நான் பொய் சொல்லவில்லை. மழையைத்தான் பொய்யாகப் பெய்யவைத்தேன். நோட்டில் எழுதி, அம்மாவுக்கு '34' என்று அனுப்பினேன். பள்ளிக்கூடத்துக்கு நேரமாகும் வரை போனையே பார்த்துக்கொண்டிருந்தேன். 'ஓகே' வரவில்லை.

சாயங்காலம் வந்தபோது வாசலில் அம்மாவின் செருப்பு கிடந்தது. மாற்றுத் துணிகூட எடுக்காமல் வந்திருந்தாள். செம்மண் ஒட்டிய அதே சுடிதார், தோளில் கைப்பை. ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். அவள்மேல் மாம்பூ வாசம் அடித்தது.

"மழை எப்படா கண்ணு பேஞ்சுது?"

"ராத்திரி."

"இடி இடிச்சுதா?"

"ரொம்ப."

"பயந்துட்டியா?"

தலையாட்டினேன். "அப்ப நான் வந்தது நல்லதாப்போச்சு," என்றாள் அம்மா.

அப்பா எழுந்து வந்து, "எங்க மழை பேஞ்சுச்சு? நான் வண்டியில வந்தேனே, ரோடு காய்ஞ்சுல்ல கிடந்துச்சு?" என்றார்.

"நீங்க ராத்திரி முழுக்க கம்பெனிக்குள்ள இருந்தீங்க. உங்களுக்கு என்னாங்க தெரியும்?" என்றாள் அம்மா. அப்பா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வெங்காயம் உரிக்க உட்கார்ந்துவிட்டார். பெரியவர்கள் இருவரையும் ஒரே சொம்புத் தண்ணீரில் ஏமாற்றிவிட்டேன் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்று அம்மா எனக்குத் தலைவாரிப் பின்னிவிட்டாள், ரசம் வைத்தாள், பக்கத்தில் படுத்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்துக் கதை அத்தனையும் சொன்னேன். எல்லாவற்றுக்கும் 'ம்' கொட்டினாள்.

மறுநாள் காலை அவளே மாடிக்கு வந்து பூஜ்யம் எழுதினாள். பிறகு நான் எழுதியிருந்த முப்பத்து நாலின்மேல் ஸ்கேல் வைத்து ஒரு கோடு போட்டாள்.

"ஏம்மா அடிச்சிட்டே?"

"பாட்டில்ல ஏதோ கோளாறு கண்ணு. சந்தேகம் இருந்தா நோட்டுல வைக்கக்கூடாது."

மதியம் பஸ்ஸில் திரும்பிப் போனாள். சீசன் முடிந்து வந்தவள் மறு வருடம் போகவில்லை. வேறு ஒரு பெண்ணை நிரந்தரமாக எடுத்துக்கொண்டார்களாம். அம்மா எங்கள் பக்கத்துத் தனியார் பள்ளியில் அறிவியல் டீச்சராகச் சேர்ந்தாள். சாமி என் வேண்டுதலைக் கேட்டுவிட்டதாக நினைத்து வரிசை வீடுகளுக்கெல்லாம் சாக்லேட் கொடுத்தேன். அம்மாவுக்கும் ஒன்று கொடுத்தேன். அவள் பிரித்து வாயில் போட்டுக்கொண்டு, நல்லா இருக்கு என்றாள்.

இப்போது நானும் பெங்களூரில் மழைக் கணக்கோடுதான் மல்லாடுகிறேன். கிராமங்களிலிருந்து வரும் அளவுகளில் எது நம்பத்தக்கது, எது இல்லை என்று பிரிப்பது என் வேலை. தாயைப்போல் பிள்ளை என்று அப்பா கேலி செய்வார். போன வருடம் ஒரு கூட்டத்தில், ஓய்வு பெற்றுவிட்ட அந்த மேடத்தைச் சந்தித்தேன். இன்னாருடைய மகள் என்று சொன்னதும் அவருக்கு உடனே நினைவு வந்தது.

"உங்க அம்மா மாதிரி வேலை செய்யறவங்க கம்மி. ஆனா ஒரு நாள் பொய் சொல்லிட்டாங்க. நான் தோப்புக்குப் போய் இறங்கறேன், ஓசூர்ல பெரிய மழை, முப்பத்து நாலு மில்லிமீட்டர், பொண்ணு தனியா பயந்துட்டு இருக்கா, போகணும்ங்கறாங்க. நான் ஓசூர் வழியாத்தானே வந்தேன், ரோட்ல தூசி பறந்துட்டு இருந்தது! மழையிலயே பொய் சொல்றவங்க பிஞ்சுக் கணக்கை நான் எப்படிம்மா நம்பறது?"

மேடம் ஓசூர் தாண்டித்தான் வருவார் என்பது அம்மாவுக்குத் தெரியாமலா இருக்கும்? வேப்பனப்பள்ளி வானத்தில் அன்று ஒரு பொட்டு மேகம் கிடையாது. பக்கத்து ஊர் அளவோடு ஒப்பிட்டுப் பொய்யைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு நிமிஷம் போதும். அம்மாவுக்கு அதுகூட ஆகியிருக்காது. அந்தப் பொய் என்னுடையது என்று மேடத்திடம் சொன்னேன். அவர் வெகுநேரம் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். அதற்குமேல் அவரால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை.

வெளியே வந்து அம்மாவுக்குப் போன் செய்தேன். குழந்தையைப் பார்க்கணும் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கலாமே, மழை என்று ஏன் சொன்னாய் என்று கேட்டேன். அவள் நோட்டில் அந்த எண்ணை அடித்ததைத்தான் இத்தனை வருடமும் நான் பெரிதாக நினைத்திருந்தேன். அதற்கு முந்தைய நாளே அவள் தன் நல்ல பெயரைக் கொடுத்து அதை மெய்யாக்கிவிட்டு வந்திருந்தாள் என்பதும், அப்படி வந்தவளிடம்தான் நான் இல்லாத இடியைப் பற்றிக் கதை அளந்தேன் என்பதும் ஒன்பது வயதில் எனக்கு எப்படித் தெரியும்?

அம்மா, வகுப்பில் கேள்வி கேட்ட பிள்ளைக்குப் பதில் சொல்வது போல் சாதாரணமாகச் சொன்னாள்.

"நீதானே கண்ணு பேஞ்சுதுன்னு சொன்னே."