யார் முதலில் நுழைவது

“படிக்கத் தெரியலனாலும் படிங்க லா, பேட்ரிக்!”

சட்டைப் பைக்குள் போய்விட்ட விசிட்டிங் கார்டை வெளியே எடுக்க வைத்து, மறுபடியும் இரண்டு கைகளாலும் நீட்டுகிறார் ஜெகதீஸ்வரி. தரக்கட்டுப்பாடு பார்க்கும் பேட்ரிக் ஆறடி உயரம். பரீட்சைக்கு நிற்பவர் போலக் குனிந்து வாங்கி, சீன எழுத்துகளை உற்றுப் பார்க்கிறார். “எவ்ளோ நேரம்க்கா பாக்கணும்?”

“பேரு மனசுல நின்னுச்சுனு அவுங்க நம்புற வரைக்கும்.”

புக்கிட் தெங்கா தொழிற்பேட்டையில் உலோகத் தகடுகளை அச்சில் அழுத்திப் பாகம் செய்யும் தொழிற்சாலையில் ஜெகதீஸ்வரி விற்பனை அதிகாரி. லோரி ஓட்டுநரான அப்பா மகளைச் சீன மொழிப் பள்ளியில் சேர்த்தபோது சிரித்த சொந்தக்காரர்கள் உண்டு. இன்று சீனத்திலிருந்து அழைப்பு வந்தால் மேலாளர் மோகனராஜ் முதலில் தேடுவது அவரைத்தான்.

அன்பளிப்புக்கென்று கம்பெனி அடித்து வைத்திருந்த பச்சைத் தொப்பிகளை ஜெகதீஸ்வரி ஸ்டோரில் வைத்துப் பூட்டிவிட்டார். சாவி அவர் கைப்பையில். காரணம் கேட்டால் குரலைத் தாழ்த்துவார்: “அங்க ஆம்பளைக்குப் பச்சைத் தொப்பி குடுத்தா, உன் வீட்டுக்காரி வேற ஆளோட போயிட்டானு சொல்ற மாதிரி. இதுக்குமேல கேக்காதீங்க.”

இத்தனை பார்த்தும் சென்ற மாதம் சறுக்கியது. பாகம் வாங்க வந்த சீனத்துச் சூச்சோ நகரக் கம்பெனி ஒன்று ஜோர்ஜ்டவுன் பீச் ஸ்ட்ரீட்டில் அலுவலகம் திறந்திருக்கிறது. அங்கே பேச்சுக்குப் போனபோது, மோகனராஜ் கதவைப் பிடித்துக்கொண்டு எல்லாரையும் உள்ளே அனுப்பிவிட்டுக் கடைசியில் நுழைந்தார். சீனத்து வழக்கத்தில் முதலில் நுழைபவரே தலைவர். அந்தக் கம்பெனி இயக்குநர் லின், முதலில் வந்த பேட்ரிக்கைக் கதவுக்கு எதிரே, தலைவருக்கென்று வைத்த நாற்காலியில் அமர்த்தி, அரைமணி நேரம் விலை பேசினார். பேட்ரிக்குத் தகட்டில் கீறல் பார்க்கத் தெரியும், விலை தெரியாது. மேசையின் கோடியில் மோகனராஜுக்குத் தேநீர்கூடக் கடைசியில்தான் வந்தது. “யோசிக்கிறோம்” என்று அனுப்பிவிட்டார்கள்.

“நாலு பேரை முந்திக்கிட்டு நான் நுழைஞ்சா அது மரியாதையா, ஈஸ்வரி?”

“நம்ம ஆளுங்ககிட்ட அது மரியாதை, பாஸ். அங்க நீங்க கதவப் புடிச்சா, வாசல் காக்குற ஜாகானு நெனைப்பாங்க.”

இன்று இன்னொரு வாய்ப்பு கிடைத்திருக்கிறது. மூன்று வருட ஆர்டர். கை நழுவினால் இரண்டாவது அச்சு இயந்திர வரிசை நின்றுபோகும். அதிலிருக்கும் முப்பது பேர் வேறு வேலை தேட வேண்டும். அதனால்தான் காலையிலிருந்து தொழிற்சாலைக் கூட்ட அறைக்குள் ஏழு தடவை அணிவகுத்து நுழைந்து பழகினார்கள். ஏழு தடவையும் மோகனராஜ் முதலில் போனார்.

பீச் ஸ்ட்ரீட்டில், குறுகலான மாடிப் படி ஏறி அந்தக் கதவை அடைந்தார்கள். மோகனராஜ் கதவைத் தள்ளித் திறந்தார். திறந்த கை அப்படியே கதவைப் பிடித்துக்கொண்டது. உடம்பு தானாக ஓரம் ஒதுங்கியது. “வாங்க, வாங்க, உள்ள போங்க.”

வரிசையில் இரண்டாவதாக நின்ற ஜெகதீஸ்வரி சட்டென்று வாசலுக்கு ஓரடி முன்பே மண்டியிட்டார். “போங்க பாஸ், செருப்பு வார் அவுந்துருச்சு.” பின்னால் பேட்ரிக்குக்கு நகர வழியில்லை. மோகனராஜுக்கு வேறு வழியில்லை. உள்ளே போனார்.

நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. லின் எழுந்து இரு கைகளாலும் கார்டை நீட்டினார். மோகனராஜ் அதைப் படித்து முடிக்கும்வரை ஜெகதீஸ்வரி குனிந்தபடியே, வாரே இல்லாத தன் செருப்பில் வாரை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.