புஷ்பம் ரீச்சர் பார்த்துத் தந்த பிளக்குகள்

அந்தத் திங்கட்கிழமை பின்னேரம் காரின் பொனற்றைத் திறந்து வைத்துவிட்டு, புஷ்பம் ரீச்சர் வருவார் என்று துணுக்காயில் எங்கள் முற்றத்தில் நின்றுகொண்டிருந்தேன். ஞாயிறு பூசைக்காக முல்லைத்தீவில் தங்கை வீட்டுக்குப் போனவர், திங்களும் லீவு போட்டிருந்தார்; பின்னேரம் திரும்பிவிடுவதாகச் சொல்லியிருந்தார். தொலைபேசி அடித்தது. தங்கைதான். "அக்கா போயிட்டா, ரீச்சர். மத்தியானம் சாப்பிட்டிட்டுப் படுத்தவா, எழும்பேல்லை. நாளைக்குக் காலமை பத்து மணிக்கு அடக்கம்" என்றார். முதலில் எனக்கு வந்தது அழுகை இல்லை, பயம். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அடக்கத்துக்கு ஏன் வரவில்லை என்று எங்களிருவரோடும் படிப்பிக்கும் உங்களில் பலர் பாடசாலையில் கேட்டுவிட்டீர்கள்.

என் கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. செவ்வாயும் வெள்ளியும் வவுனியா ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிக்க வேண்டும்; ஒரு முறை தவறினாலே மூச்சு முட்டும். காரை நான்தான் ஓட்டுவேன். ஓட்டத் தெரியுமே தவிர, அதற்குள் என்ன இருக்கிறதென்று தெரியாது. முதல் மாதமே மாங்குளம் போகும் காட்டுப் பாதையில் கார் இழுத்து இழுத்து நின்றுபோனது. விடிந்தும் விடியாத நேரம். றோட்டில் ஆவி பறக்க யானை லத்தி கிடந்தது. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு இருவரும் மூச்சு விடாமல் இருந்தோம். கடைசியில் ஒரு டிப்பர் லொறிக்காரர் கயிறு கட்டி இழுத்து வந்து விட்டார்.

அன்று பின்னேரமே பக்கத்து வீட்டு புஷ்பம் ரீச்சர், எஞ்சினில் பெற்றோலுக்குப் பொறி வைக்கும் பிளக்கைக் கழற்றும் சாவியோடு வந்து நின்றார். கணிதம் படிப்பிப்பவருக்கு இதில் என்ன வேலை என்று நினைத்தேன். அவர் கடற்கரைப் பிள்ளை. தகப்பனின் படகு எஞ்சினுக்கு வீட்டு வாசலிலேயே பிளக் பார்த்து வளர்ந்தவர். "கரையிலை பாக்காட்டில் நடுக்கடலிலைதான் பாக்கோணும்" என்பார். எஞ்சின் ஆறிய பிறகு ஒரு பிளக்கைக் கழற்றி முனையைக் காட்டினார். "பால் தேத்தண்ணி நிறமெண்டால் சுகம். கரி பிடிச்சிருந்தால் பெற்றோல் சரியா எரியேல்லை. எண்ணெயிலை நனைஞ்சிருந்தால் உடனை கராஜுக்குக் கொண்டுபோங்கோ." எங்களுடையது விறகடுப்புச் சட்டி மாதிரி இருந்தது.

பிறகு ஒவ்வொரு திங்களும் வந்து பார்த்தார். ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பு: "ஒண்டைக் கழட்டி, துடைச்சு, அதே வயரோடை பூட்டிப்போட்டுத்தான் மற்றதைத் தொடோணும்." ஒருநாள் அவர் வருவதற்கு முன் கெட்டித்தனம் காட்டப்போய், பிளக்குகளுக்குப் போகும் நான்கு வயரையும் ஒன்றாகப் பிடுங்கி, மாற்றிப் பூட்டிவிட்டேன். அவர் படலையைத் திறக்கவும் நான் திறப்பைத் திருகிக் காரை ஸ்டார்ட் பண்ணவும் சரியாக இருந்தது. பின்குழாயில் வெடித்ததே ஒரு வெடி! அடுத்த கணம் நான் சீற்றுக்குக் கீழே சுருண்டு கிடந்தேன். அவர் படலையடியில் குப்புறக் கிடந்தார், இரண்டு கையும் பிடரியில். யுத்தம் முடிந்து எத்தனை வருடமானால் என்ன, உடம்பு அதை நம்பவில்லை. பிறகு அவர்தான், "எழும்புங்கோ ரீச்சர், எங்கடை கார்தான்" என்றார். சீலையில் மண்ணைத் தட்டியபடி றோட்டை இரண்டு தரம் எட்டிப் பார்த்தார். ஆனாலும் பயந்தாங்கொள்ளி என்று பகிடி பண்ணியது என்னைத்தான்.

அவர் இறந்த அந்தத் திங்கள், காலையிலிருந்தே எஞ்சின் விட்டுவிட்டு இழுத்தது. கராஜ் பூட்டு. ஹயருக்குக் கேட்ட வானும் கிடைக்கவில்லை. கணவர் கதிரையில் இருந்தபடி, "நீர் அடக்கத்துக்குப் போம். நான் ஒரு நாள் பொறுப்பன்" என்றார். அவருடைய கால்கள் ஏற்கனவே வீங்கியிருந்தன. நான் பிளக் கழற்றும் சாவியை எடுத்தேன். கண்ணீரில் பிளக் முனை தெரியவில்லை. துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். முதலாவது நல்ல நிறம், இரண்டாவதும் பரவாயில்லை. மூன்றாவது முழுக்கக் கரி. கம்பித் தூரிகையால் தேய்த்து, கையாலேயே மெல்லச் சுற்றி, பிறகு சாவி போட்டு இறுக்கினேன். ஒவ்வொரு வயரையும் பூட்டிவிட்டு இரண்டு தரம் தொட்டுப் பார்த்தேன். திறப்பைத் திருகும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டேன். கார் ஒழுங்காக உறுமியது.

மறுநாள் காடு முழுவதும் எஞ்சின் சத்தத்துக்கே காது கொடுத்துக்கொண்டு ஓட்டினேன். ஒரு இடத்திலும் நிற்கவில்லை. ரீச்சரை மண்ணுக்குள் இறக்கிய அந்தப் பத்து மணிக்கு, வவுனியாவில் என் கணவரின் இரத்தம் குழாய்களில் ஓடிக்கொண்டிருந்தது. நான் வெளியே வாங்கில் உட்கார்ந்து அழுதேன்.

முப்பத்தோராம் நாள் பூசைக்குப் போனபோது தங்கை சொன்னார்: "நீங்கள் வவுனியா போற நாளிலை அக்கா பச்சைத் தண்ணியும் குடிக்கமாட்டா. வந்திட்டமெண்டு நீங்கள் போன் கோல் எடுத்தாப் பிறகுதான் தேத்தண்ணி. லீவிலை இஞ்சை நிண்டாலும் அப்பிடித்தான். சரியான பயம் அவாக்கு."

எனக்கு அது தெரியாது. இத்தனை நாளும் என் பயத்தில் பாதியை அவர் வைத்திருந்திருக்கிறார். இப்போது முழுவதும் என்னிடம் இருக்கிறது. ரீச்சரிடமிருந்து நான் வைத்திருப்பது அதைத்தான். அது இருக்கும்வரை நான் பிளக் பார்ப்பேன். என் கணவர் வவுனியா போய் வீடு திரும்புவார்.