குளிரில் நின்றுபோன கம்ப்யூட்டர்கள்

மாரமங்கலத்தில் மூட்டை சுமந்தவன் நான். படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. இன்றைக்கு ஏற்காட்டில் என் மிளகு மண்டி எங்கே என்று கேட்டால், பஸ்ஸை நிறுத்தி வழி சொல்வார்கள். நான் லேசில் யாரையும் மெச்சுகிறவன் இல்லை. அந்தச் சேலத்துப் பெண்ணை மெச்சாமல் இருக்க முடியவில்லை.

மண்டி ஆபீசுக்குப் புதிதாக மூன்று கம்ப்யூட்டர் வாங்கினேன். சேலத்துக் கடையில் அவற்றைப் பாகம் பாகமாகப் பூட்டியவள் அவள்தான். மூன்றும் எங்கள் மலைக்கு வந்ததும் நான் சும்மா விடவில்லை. இங்கே பனிக்காலத்தில் துணி அலமாரிக்குள் குண்டு பல்ப் எரியவிடுவோம். இல்லையென்றால் பட்டுச்சேலைகூடப் பூஞ்சணம் பூத்துவிடும். அதேபோல மிஷின் ஒவ்வொன்றுக்கும் சில்வர் ஓக் பலகையில் கதவு வைத்த பெட்டி அடித்து, உள்ளே ஒரு பல்பும் போட்டேன். அப்படி ஒரு வேலைப்பாட்டை எந்த எஸ்டேட் பங்களாவிலும் பார்க்க முடியாது.

ஆனால் மண்டியில் கணக்கெழுதும் ரைட்டர் பில் போட்டுக்கொண்டிருக்கும்போதே திரை உறைந்துவிடும். சில நேரம் தானாக அணைந்து தானாக முழித்துக்கொள்ளும். அடித்த பில் போனது போனதுதான். சேலத்துக்கு அனுப்பினால் ஒழுங்காக ஓடும். மலையேறி வந்தால் மறுபடி நிற்கும்.

"குளிருங்க. நமக்கே வெரலு மடங்க மாட்டேங்குது, அது என்ன பண்ணும்?" என்றார் ரைட்டர். சரிதான் என்று இன்னொரு பல்ப் சேர்த்தேன். இன்னும் மோசமானது.

கடைக்காரருக்குப் போன் போட்டு, "மூணையும் திருப்பி எடுத்துக்கங்க" என்று சத்தம் போட்டேன். "அப்படி வந்துச்சுன்னா, பூட்டின பொண்ணையும் ஊட்டுக்கு அனுப்பிச்சர்றேனுங்க" என்றார். அவள் பக்கத்தில் நின்று கேட்டிருக்கிறாள். மறுநாள் முதல் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டாள்.

வந்தவள் எதையும் கழற்றவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"சினிமாப் பாக்க வந்தாப்பல உக்காந்துட்டியே கண்ணு?" என்றார் ரைட்டர்.

"படம் இன்னும் ஆரம்பிக்கலீங்கண்ணா. நீங்க வேலையப் பாருங்க."

ஒன்று உறைந்தது. எழுந்து போய்ப் பெட்டிக்குள் கையை வைத்துப் பார்த்தாள். அந்த மிஷினை மட்டும் வெளியே மேசைமேல் வைத்து ஓடவிட்டாள்; மற்ற இரண்டையும் தொடவில்லை. உள்ளே இருந்த இரண்டும் நின்றன, வெளியில் இருந்தது நிற்கவில்லை. பிறகு அதைப் பெட்டிக்குள் வைத்து, வேறொன்றை வெளியே எடுத்தாள். இப்போது இது ஓடியது, அது நின்றது. ஒரே ஒரு விஷயத்தை மாற்றுவது, பிறகு பொறுத்திருந்து பார்ப்பது. அவசரம் என்பதே அந்த முகத்தில் இல்லை. வேலை போகிற நிலையில் இருப்பவளுக்கு எப்படி அந்த நிதானம் வந்தது என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

"ஏனுங்கய்யா, கொஞ்சம் கைய உள்ள வைங்க."

வைத்தேன். அடைகாக்கிற கோழிக்கு அடியில் கையை விட்டதுபோல் இருந்தது.

"மிஷின் ஓடுனாலே சூடுங்க. அதை வெளிய தள்ளத்தான் ஃபேன் இருக்குது. நீங்க கதவைச் சாத்தி, பல்பையும் போட்டு, தள்ளுன சூட்டையே திரும்பக் குடிக்க வெச்சிருக்கீங்க. வெளிய வெச்சா அது ஓடுற சூட்டுக்கே ஈரம் அண்டாதுங்க."

என் முகத்துக்கு நேரே இப்படிச் சொல்ல இந்த ஊரில் ஆள் கிடையாது. அவள் வேலையோ என் ஒரு பேச்சில் இருக்கிறது. அவள் அதோடு நிற்கவும் இல்லை.

"மிஷின் மேலயும் தப்பில்லை, என் மேலயும் தப்பில்லைங்கய்யா. இதை எங்க மொதலாளிகிட்ட இப்பவே சொல்லிருங்க. ஸ்பீக்கர்ல போடுங்க, நானும் கேட்டுக்கறேன்."

போட்டேன். "மிஷின் சொக்கத் தங்கமுங்க. நான் அடிச்ச பெட்டிதான் நொம்ப பலமாப் போச்சு, காத்துக்கூட நுழைய முடியலை. அந்தப் பொண்ணு வேண்டாம்னா சொல்லுங்க, இன்னைக்கே என் மண்டியில சேத்துக்கறேன்."

"ஐயையோ, அப்படியெல்லாம் இல்லீங்க" என்று பதறியது மறுமுனை. "அவளைச் சாயங்கால பஸ்ஸுக்கு ஏத்தி உட்ருங்க. கடையில வேலை குமிஞ்சு கெடக்குது."

அவள் சிரித்ததாகத் தெரியவில்லை. ஸ்க்ரூடிரைவரை எடுத்துக்கொண்டு பெட்டிப் பக்கம் போனாள்.

"பெட்டி நல்லாத்தானுங்க இருக்குது. கதவை மட்டும் கழட்டிர்றேன்" என்று முதல் கீலில் கை வைத்தாள்.