சிவப்புத் துணிக் குடல்

ஒர்க் ஷாப்பில் மெக்கானிக் தன் ஆயில் கையைச் சிவப்புப் பனியன் வேஸ்ட் துணியில் துடைத்தபோது எழுந்த வாடையில், எங்கள் பனியன் ஊரின் ராயபுரத்தில் இன்று அபார்ட்மெண்ட் நிற்கும் இடத்திலிருந்த வேஸ்ட் குடோனுக்குள் மறுபடி போய் விழுந்தேன். கூரை வரை குவிந்த கட்டிங் துண்டுகளை என் அம்மாவும் எஸ்தரின் அம்மாவும் நிறம் பிரித்துக்கொண்டிருக்க, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து குடும்பத்தோடு பிழைக்க வந்த எஸ்தர், துணிமேட்டின் உச்சியில் உட்கார்ந்து அட்டை கிழிந்த கடற்கொள்ளையர் நாவலொன்றை உரக்க வாசிப்பாள். பக்கத்து நிட்டிங் மெஷின்களின் தடதடப்புதான் எங்களுக்கு அலைச்சத்தம். கைதிகளின் நாக்கை அறுக்கும் காட்சி வரும் பக்கங்கள் மட்டும் எங்கள் விரல் பட்டுக் கறுத்திருந்தன.

வாசித்ததும் சண்டை. நல்லவர்களின் கப்பலுக்குத் தலைவியாக இருவருக்குமே இஷ்டமில்லை, அதனால் கொள்ளைக்காரியும் கொள்ளைக்காரியும்தான் மோதுவோம். சட்டைக்குள் சிவப்புத் துண்டுகளைத் திணித்துக்கொள்வோம்; குத்தியவள் அதைக் குடலாக உருவி எடுக்க வேண்டும்.

ஒருநாள் எஸ்தர் வாளாகப் பிடித்திருந்த குச்சி முறிந்தது. ஆத்திரத்தில் கைக்கு அகப்பட்ட நூல் வெட்டும் கத்தரியால் குத்தினாள். உருவ உருவத் துணி ஈரமாக வந்தது.

"நடிச்சது போதும், எந்திரிட்டி" என்றவள், தன் கையைப் பார்த்துவிட்டு அலறினாள்.

ஆஸ்பத்திரியில் என் விலாவில் தையல் போட்டபோது, எஸ்தர் அந்தப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு தேம்பினாள். கொள்ளைக்காரன் எவனும் அழுததாக அதில் ஒரு வரி கிடையாது. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன்:

"அழுவாத புள்ள, படி. அடுத்து ஆரு சாவறா?"