பூட்டு விழுந்த சீரியல்

என் கணவரின் அக்காவை நான் நங்கையா என்றுதான் கூப்பிடுவேன். போன தீபாவளிக்கு முன்பு குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து படுத்தவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. என் கணவர் காலமான பிறகு வீட்டில் நங்கையாவும் நானும்தான். கோத்தகிரிக்கு அருகே கட்டபெட்டுப் பக்கம் சரிவில் தனித்து நிற்கிற வீடு. பின்னால் எங்களுக்குக் கால் ஏக்கர் தேயிலை இருக்கிறது. அதையும் தாண்டி ஏறினால் தண்ணீர்த் தொட்டி மேடு. போனுக்குச் சிக்னல் கிடைப்பது அந்த மேட்டில் மட்டும்தான்.

விழுந்த நாளிலிருந்து நங்கையாவுக்குத் தனியாக இருக்கப் பயம். வீடு சத்தமில்லாமல் இருந்தால் கத்துவார். கீழே ரோடு வரைக்கும் கேட்கும். போகிறவர்கள் நின்று, உள்ளே அந்தம்மாவை என்ன செய்கிறார்களோ என்று எட்டிப் பார்ப்பார்கள். நான் நாலு பேர் முகம் பார்த்துப் பேசிப் பழகாதவள். அந்தக் கத்தலுக்குப் பயந்தே வாசல் தாண்டாமல் கிடந்தேன்.

திருப்பூரில் இருக்கும் என் மகள்தான் ஒரு வழி செய்தாள். என் போனில் ஒரு ஆப் போட்டு, ஒரு சீரியலில் நாற்பது பாகத்தை இறக்கிக் கொடுத்தாள். சிக்னல் இல்லாமலே ஓடும். ஒரு பாகம் இருபத்திரண்டு நிமிடம். தலையணைக்குப் பக்கத்தில் டம்ளரில் சாய்த்து வைத்துவிட்டு நான் வெளியே போகலாம். கொழுந்து எடுப்பேன். சில நாள் ஒன்றும் எடுக்காமல் செடிக்கு நடுவே கல்லில் உட்கார்ந்திருப்பேன். அங்கே யாரும் என்னைக் கூப்பிட மாட்டார்கள். முடிவுப் பாட்டு வருகிற நேரத்துக்கு உள்ளே வந்துவிட வேண்டும். ஒரு தடவை இரண்டு பாகம் சேர்ந்து ஓடட்டும் என்று விட்டுப் பார்த்தேன். முதல் பாகம் முடிந்த உடனே கத்தல் ஆரம்பமாகிவிட்டது.

ஆடி மழையில் ஒரு நாள் காலையில் ஆப்பைத் திறந்தால் நாற்பது படத்தின் மேலும் ஒரு சின்னப் பூட்டு. அழுத்தினால் இங்கிலீஷில் இரண்டு வரி வந்து போயிற்று. நான் படித்தது அஞ்சாம் வகுப்பு, தமிழே எழுத்துக்கூட்டித்தான். ஆனால் மகள் முன்னமே சொல்லியிருந்தாள்.

"இது நம்ம சொத்து இல்லம்மா. பாத்துக்கன்னு குடுத்திருக்காங்க, அவ்ளோதான். மாசத்துக்கொருக்கா நெட்டுல போய் நிக்கணும். இல்லீன்னா பூட்டிக்கும். சிக்னல் படுற எடத்துக்குக் கொண்டுபோனாப் போதும், தானாத் தொறந்துக்கும்."

நான் எஸ்டேட்டில் வேலை பார்த்த காலத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கிற மஸ்டரில் நின்று பேர் கொடுக்க வேண்டும். நிற்காவிட்டால் அன்றைக்கு நாம் ஆள் இல்லை. இதுவும் அப்படித்தான் என்று விளங்கிக்கொண்டேன். மாதா மாதம் மகள் வந்து, மேட்டுக்குப் போய், பேர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறாள். இந்த மாதம் மழையில் அவளால் வர முடியவில்லை.

மேட்டுக்கு ஏற எனக்குக் கால்மணி நேரம் கூட ஆகாது. ஆனால் நான் வெளியே போக வேண்டுமென்றால் போன் வீட்டில் ஓட வேண்டும். போன் ஓட வேண்டுமென்றால் அதை வெளியே கொண்டுபோக வேண்டும். இதற்கு நடுவில் பதினொரு நாள் உட்கார்ந்திருந்தேன். ஜன்னல் வழியே பார்க்கப் பார்க்கக் கொழுந்து முற்றிக்கொண்டு வந்தது.

கடைசியில் வெட்கத்தை விட்டுவிட்டு, இலை எடுக்க வரும் ஃபேக்டரி வண்டி வாசலுக்குக் கீழே நின்றபோது இரண்டு படி இறங்கினேன்.

"தம்பி, இந்தப் போனக் கோத்தகிரி வரைக்கும் கூட்டிட்டுப் போயிட்டு வர முடியுங்களா?"

டிரைவர் என்னையும் போனையும் பார்த்தார். "கூட்டிட்டா? சொந்தக்காரங்க ஊட்டுக்கு எங்காச்சும் போகோணுங்களா அது?"

வண்டியில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. சீரியலுக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. "சும்மா சிக்னல் பட்டாப் போதுங்க" என்று சொல்லி, பிளாஸ்டிக் கவரில் சுற்றிய போனைக் கையில் திணித்துவிட்டு ஏறி வந்துவிட்டேன். உள்ளே அதற்குள் கத்தல்.

மத்தியானம் வண்டி திரும்பி வந்தது. "ஏனுங்கம்மா, போனு ஊரெல்லாம் சுத்தி வந்துருச்சுங்க" என்று கொடுத்தார். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஆனா ஆஃப் பண்ணியில்ல குடுத்தீங்க" என்றார்.

ஆமாம், நான்தான் அணைத்திருந்தேன். வழியில் யாராவது கூப்பிட்டு, அவர் எடுத்துப் பேச வேண்டி வந்துவிடுமோ என்று கூச்சம். போன் கோத்தகிரி வரை தூங்கிக்கொண்டே போய்த் தூங்கிக்கொண்டே வந்திருக்கிறது. நாற்பது பூட்டும் அப்படியே இருந்தன. இன்னொரு தடவை கேட்க எனக்குத் தைரியமில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் நங்கையாவுக்குக் கஞ்சி கொடுக்கும்போது, "சீரியலு இனிப் புள்ள வந்தாத்தானுங்க நங்கையா. பூட்டிக்கிச்சு" என்றேன்.

"அது கெடக்குது. அந்தக் கதெயே எனக்கு வெளங்குனதில்ல."

கரண்டியைக் கிண்ணத்தில் வைத்தேன். "அப்பறம் எதுக்குங்க தெனமும் பாத்தீங்க?"

"பாட்டு வந்தா நீ வருவே. பாட்டுக்குத்தான் கெடந்தேன். நீ எங்க போறே, எப்ப வருவேன்னு வாயத் தொறந்து சொல்லியிருக்கியா அம்மிணி? இந்த ஊட்டுக்கு வந்த நாள்லயிருந்து ஊமக் கோட்டானாட்டமே இருக்கறே."

அதுவும் நிஜம்தான். இத்தனை வருடத்தில் அவரிடம் நான் சொல்லிவிட்டுப் போனதே இல்லை.

கட்டிலுக்கு நேரே சுவரில் ஒரு கடிகாரம் இருக்கிறது. நங்கையாவுக்கு மணி பார்க்கத் தெரியாது, முள் நகர்வது தெரியும். மகள் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போன ஸ்டிக்கர் பொட்டு ஒன்றைப் பிய்த்துக்கொண்டு ஸ்டூல் மேல் ஏறினேன்.

"பெரிய முள்ளு உச்சியில நிக்கறப்பப் போவேனுங்க. பொட்டுக்கு வந்தா வந்துருவேன்" என்று ஆறின் மேல் வைத்தேன்.

"அத்தன தூரமா? கெணத்துத் தண்ணியே வத்திப் போகும். மேல ஏத்து."

நாலுக்கு ஏற்றச் சொன்னார். பேசிப் பேசி அஞ்சில் ஒட்டினோம்.

மறுநாள் பத்து மணிக்கு முள் உச்சியில் நின்றது. போனை எடுத்துக்கொண்டு, "மேட்டுக்குப் போயிட்டு வாறேனுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். பின்னால் கத்தல் கேட்கவில்லை. மழை விட்டிருந்தது. தேயிலை என் இடுப்புக்கு மேல் வளர்ந்து, நடக்கும்போது சேலை முழுக்க நனைத்தது. மேட்டில் நின்று ஆப்பைத் திறந்தேன். கொஞ்ச நேரம் ஒரு வட்டம் சுற்றியது. அப்புறம் பூட்டெல்லாம் காணோம். கோத்தகிரி ரோட்டில் ஒரு பஸ் வளைவு திரும்பிப் போனது. அது கண்ணுக்கு மறைகிறவரை நிற்கலாம் என்றுதான் இருந்தது. ஆனால் நேரம் தாண்டிவிட்டதோ என்று போனில் மணி பார்க்கவே பயந்து, செடிக்குள் விழுந்து இறங்கி ஓடி வந்தேன்.

மூச்சு வாங்க உள்ளே வந்து பார்த்தால், பெரிய முள் நாலைத்தான் தொட்டிருந்தது.

நங்கையா கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பாத்தியா, அதுக்குள்ள வந்துட்டே. அவ்ளோ தூரம் எதுக்கு? பொட்டக் கிட்ட ஒட்டு."

"சீரியலு தொறந்துருச்சுங்க நங்கையா. போடட்டுங்களா?"

"எனக்கு முள்ளே போதும். நீ பொட்ட மாத்து."

ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினேன். அவர் பார்வையை என் முதுகால் மறைத்துக்கொண்டு பொட்டைப் பிய்த்தேன். கொஞ்ச நேரம் விரல் நுனியில் வைத்திருந்து, அதே அஞ்சின் மேல் அழுத்தி ஒட்டிவிட்டு இறங்கினேன்.

"ம்" என்றார் நங்கையா. "இப்பச் செரி."