ஒரு நிமிட நிறுத்தம்

எங்கள் ஊர் ஸ்டேஷனில் காலை எக்ஸ்பிரஸ் முதன்முதலாக நின்றபோது எனக்கு ஏழு வயது. ஆம்பூர் ஷூ கம்பெனிக்குப் போகும் பெண்கள் வருஷக்கணக்காகக் கேட்டுக் கேட்டு வாங்கிய நிறுத்தம் அது. அதுவரை என் அம்மா, சித்தி உட்பட அவர்கள் எல்லோரும் இருட்டோடு கிளம்பி, இரண்டு பஸ் மாறிப் போய்க்கொண்டிருந்தார்கள். ரயில்வேக்காரர்கள் இன்னும் முழுமனதாக ஒப்புக்கொள்ளவில்லை. சோதனைக்காக ஒரு நிமிடம் நிறுத்திப் பார்ப்பதாகத்தான் பேச்சு. ஏறுகிற ஆள் கம்மியாக இருந்தாலோ, வண்டி தாமதமானாலோ எடுத்துவிடுவார்கள். அதனால் கூட்டம் காட்டுவதற்காக, வீட்டில் சும்மா இருந்தவர்களுக்கெல்லாம் டிக்கெட் எடுத்து அழைத்துவந்திருந்தார்கள். என் அரை டிக்கெட்டும் அப்படிச் சேர்ந்ததுதான்.

வண்டி வந்து நின்றபோது பொதுப்பெட்டி பிளாட்பாரத்தின் அந்தக் கோடியில் இருந்தது. எல்லோரும் ஓடினோம். அம்மா என்னைத் தூக்கி, முன்னால் ஏறிவிட்ட சித்தியின் கையில் கொடுத்தாள். ஊர் உலகத்துக்கெல்லாம் ஷூ தைக்கிற அம்மாவின் ரப்பர் செருப்பு அந்த நேரம் பார்த்தா வார் அறுந்துபோக வேண்டும்? தடுமாறிக் கீழே விழுந்தாள். எழுவதற்குள் வண்டி நகர்ந்துவிட்டது.

"நீங்க போங்க, நான் அடுத்த வண்டில வர்றேன்!" என்று அவள் கத்தியது கேட்டது. பிறகு வெளியே வெறும் வயல்தான்.

நான் வீறிட்டேன். ஜன்னலோரம் இருந்த ஒருவர் எழுந்து செயினுக்குக் கையை உயர்த்தினார். சித்தி பாய்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாண்ணா, இழுக்காதீங்க."

"இன்னாம்மா பேசற? புள்ள இந்தக் கத்து கத்துது, பெத்தவ கீழ நின்னுட்டா!"

"மொத நாளே வண்டி லேட்டாச்சின்னா, அப்புறம் எங்க ஊர்ல நிக்கவே நிக்காதுண்ணா."

அவர் முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார். அம்மாவின் தோழிகளை ஒவ்வொருவராகப் பார்த்தேன். எப்போதும் என்னைக் கொஞ்சுகிறவர்கள். ஒருத்தியும் செயின் பக்கம் கை நீட்டவில்லை. ஆத்திரத்தில் சித்தியின் மணிக்கட்டைக் கடித்தேன். பல் பதிந்தது. அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. இன்னொரு கையால் என் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள்.

ஆம்பூரில் மற்றவர்கள் வேலைக்கு ஓடினார்கள். சித்தி மட்டும் என்னோடு பெஞ்சில் உட்கார்ந்தாள். வந்து நின்ற வண்டி எதிலும் அம்மா இல்லை. விழுந்த இடத்திலேயே கிடக்கிறாளோ, வண்டியில் மாட்டிக்கொண்டாளோ என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். சித்தியைக் கேட்கலாம். ஆனால் அவளோடு பேசுவதில்லை என்று வைராக்கியம்.

கடைசியில் ஒரு பாசஞ்சர் வண்டியிலிருந்து அம்மா இறங்கினாள். ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். சித்தியைப் பற்றிச் சொல்ல வாயைத் திறப்பதற்குள், என் தலைக்கு மேலாக அம்மா அவளைத்தான் கேட்டாள்.

"யாரும் செயின் இழுக்கலயே?"

"இல்லக்கா."

அம்மாவுக்கு அழுகை வந்துவிட்டது. சித்தியும் அழுதாள். என்னை நடுவில் நெரித்துக்கொண்டு இருவரும் அப்படியே நின்றார்கள்.

என்னைவிட அம்மாவுக்கு ரயில்தான் பெரிசு என்று முடிவு கட்டி, அன்று முழுக்க நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. காலையில் நான் கண் விழிக்கும்போது பக்கத்தில் இருக்கத்தான் அவள் அந்த வண்டியைக் கேட்டாள் என்பது ஏழு வயதில் எனக்கு எப்படித் தெரியும்?